வந்தேறி தந்த வாழ்த்து

ஒரு தேசத்தை நேசிக்கும் உரிமை யாருக்கு உண்டு? அதன் மண்ணிலே பிறந்து, அதன் பாஷையைத் தாயின் மடியிலே கற்று, பாட்டன் முப்பாட்டன் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளுகிறவர்களுக்கு மட்டுமா? அல்லது வேறெங்கோ பிறந்து, அங்கிருந்து துரத்தப்பட்டு, அந்நியர் வாசலில் வந்து நின்று, உள்ளே நுழைந்து உழைத்துப் பிழைத்தவனுக்கும் அந்த உரிமை உண்டா? தேசத் தொண்டில் ஈடுபட்ட எவரும் இக்கேள்வியை என்றேனும் ஒரு நாள் எதிர்கொண்டே தீரவேண்டும். இதற்கு விடை காண்பதற்குப் பெரிய தத்துவ நூல்களைக் காட்டிலும் ஒரு பாட்டுக்காரருடைய சரித்திரம் நமக்கு அதிக உதவி செய்யும் என்று கருதுகிறோம்.

இர்விங் பெர்லின் என்னும் பெயரைக் கேள்விப்பட்டிராத நேயர்களும் அவருடைய மெட்டுகளில் ஒன்றிரண்டையேனும் ஏதாவதொரு படத்திலோ ரேடியோவிலோ கேட்டிருக்கக்கூடும். 1888-ஆம் வருஷம் மே மாதம் 11-ஆம் தேதி பிறந்த அவர் 1989 செப்டம்பர் 22-ஆம் தேதி, தமது 101-வது வயதில் காலமானார். அந்த நீண்ட ஆயுளில் அவர் இயற்றிய பாட்டுகள் ஏறக்குறைய 1,500. அவற்றுள் ஒன்று 'காட் பிளெஸ் அமெரிக்கா' என்னும் தேச வாழ்த்து. அமெரிக்காவுக்குச் சட்டப்படி ஏற்பட்ட தேசிய கீதம் வேறு. அது 1931-ல்தான் அந்த ஸ்தானத்தை அடைந்தது. ஆயினும், ஆபத்து வந்த காலத்தில் அந்நாட்டு ஜனங்களின் வாயில் தானாகவே எழும் பாட்டு பெர்லினுடைய வாழ்த்துதான். அதை இயற்றியவருக்கு அமெரிக்காவை வாழ்த்துவதற்கே தகுதியில்லை என்று ஒரு காலத்தில் கூச்சலிட்டவர்கள் இருந்தனர். அந்தக் கூச்சலின் நியாயத்தைச் சீர்தூக்கிப் பார்ப்பதே நமது நோக்கம்.

எரிந்த வீடு

பெர்லினுடைய இயற்பெயர் இஸ்ரேல் பெய்லின். ஜார் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட ருஷியாவில், ஏழை யூதக் குடும்பம் ஒன்றில் எட்டாவது குழந்தையாகப் பிறந்தார். தந்தை மோசஸ், யூதர்களின் ஜெபாலயத்தில் பிரார்த்தனைப் பாடல்களை முன்னின்று பாடும் உத்தியோகத்தில் இருந்தவர். 1881-ல் இரண்டாம் அலெக்ஸாண்டர் சக்கரவர்த்தி கொலையுண்டதும் அந்தப் பழி யூதர் தலையில் சுமத்தப்பட்டது. பல ஊர்களில் கலகக்காரர்கள் அவர்களுடைய வீடுகளையும் கடைகளையும் சூறையாடினர். மறு வருஷம் பிறந்த 'மே சட்டங்கள்' யூதர்கள் கிராமங்களில் புதிதாகக் குடியேறுவதையும் நிலம் வாங்குவதையும் தடுத்தன. கலகக்காரன் கொளுத்தியதைப் போக மிஞ்சியதைச் சர்க்கார் சட்டத்தால் பறித்தது. பிழைக்க வழியற்ற யூதர்கள் லக்ஷக்கணக்கில் கப்பலேறினார்கள்.

ருஷியாவில் கழித்த ஐந்து வருஷங்களைப் பற்றிப் பெர்லினுக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்றுதான். பாதையோரத்தில் ஒரு கம்பளியின் மேல் கிடந்தபடி, தம் வீடு தீப்பற்றி எரிவதைக் கண்டதே அந்த நினைவு. பிறந்த நாடு அவருக்குக் கொடுத்த சீதனம் அவ்வளவே. 1893 செப்டம்பரில் அக்குடும்பம் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் 'ரைன்லாண்ட்' என்னும் கப்பலேறி நியூயார்க்கை வந்தடைந்தது. குடியேறுகிறவர்களைப் பரிசோதிப்பதற்காக எல்லிஸ் தீவில் நிலையம் திறந்து அப்பொழுது இரண்டு வருஷங்கூட நிரம்பவில்லை. கையில் பொருளில்லை, வாயில் ஆங்கிலமில்லை. ஆனாலும் கதவு திறந்திருந்தது. இந்த ஒரு விஷயத்தை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

தெருவே பள்ளிக்கூடம்

நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில், செர்ரி வீதியில், நெருக்கமான ஓர் ஏழைக் குடியிருப்பில் அவர்கள் தங்கினார்கள். பாடிப் பிழைத்த தந்தைக்கு இங்கே அந்த வேலை நிரந்தரமாகக் கிடைக்கவில்லை. இறைச்சி மத விதிப்படி சுத்தமானதா என்று சோதிப்பதும், பிள்ளைகளுக்கு ஹீப்ரு சொல்லிக் கொடுப்பதுமாகக் காலம் தள்ளி, 1901-ல் இறந்து போனார். சிறுவன் அதற்குள்ளாகவே பள்ளியை விட்டுத் தெருவில் பத்திரிகை விற்கத் தொடங்கிவிட்டான். அக்காமார் சம்பாதித்துக் கொண்டுவந்த அளவுகூடத் தன்னால் கொண்டுவர முடியவில்லையே, வீட்டுக்குப் பாரமாக இருக்கிறோமே என்ற வெட்கம் அவனை வாட்டியது. பதினான்கு வயது நிரம்புவதற்குள் வீட்டை விட்டு வெளியேறினான்.

பிறகு மதுக்கடைகளில் பாடிச் சில்லறை பொறுக்குவதும், இரவில் கூலிக்குப் படுக்கை கிடைக்கும் சத்திரங்களில் உறங்குவதுமாகச் சில வருஷங்கள் கழிந்தன. சீனர்கள் வசிக்கும் பகுதியிலிருந்த பெல்ஹாம் கபேயில், பாடிக்கொண்டே பரிமாறும் பணியாளாக வேலை கிடைத்தது. கடையடைத்த பின் அங்கிருந்த பியானோவைத் தட்டித் தட்டித் தாமே பழகினார். 1907-ல் அவர் சொல்லெழுத, கூட வேலை செய்த பியானோக்காரர் மெட்டமைக்க, முதல் பாட்டு அச்சேறியது. அதில் அவருடைய பங்காக வந்த ராயல்டி அரை டாலர்கூட ஆகவில்லை. ஆனால் அச்சுப் பிரதியில் 'பெய்லின்' என்ற பெயர் 'பெர்லின்' என்றிருந்தது. அந்தப் பெயரே உலகம் அறிந்த பெயராக நிலைத்துவிட்டது.

எளிய சொல்லின் வலிமை

அக்காலத்தில் நியூயார்க்கில் 28-ஆம் வீதியை ஒட்டிப் பாட்டுப் பிரசுரக் கம்பெனிகள் வரிசையாக இருந்தன. மலிவான பியானோக்கள் எல்லா ஜன்னல்களிலிருந்தும் ஒரே சமயத்தில் முழங்கியதால் அந்த இடத்துக்கு 'டின் பான் அல்லி', அதாவது தகரச்சட்டிச் சந்து, என்ற பெயர் ஏற்பட்டது. பாட்டை இசைக் குறிப்புடன் அச்சிட்டு விற்பதே அங்கே வியாபாரம். பெர்லின் முதலில் சொல்லெழுதும் ஆசிரியராகவே அங்கே புகுந்தார். ஒரு சமயம் ஒரு பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, 'மெட்டும் இருக்கிறதல்லவா?' என்று பிரசுரகர்த்தர் கேட்க, இருப்பதாகச் சொல்லி, அடுத்த அறைக்குப் போகும் நேரத்துக்குள் மனத்தில் ஒரு மெட்டை அமைத்து எழுத்தரிடம் பாடிக் காட்டினார் என்று கூறுவர். அதன் பின் சொல்லும் மெட்டும் அவருடையவையே. 1911-ல் வெளிவந்த 'அலெக்ஸாண்டர்ஸ் ராக்டைம் பாண்ட்' என்ற பாட்டு பத்து லக்ஷம் பிரதிகளுக்குக் குறையாமல் விற்று, அவருடைய பெயரை ஐரோப்பாவிலும் பரப்பியது.

வியப்பு என்னவெனில், அவருக்கு இசைக் குறிப்பை எழுதவோ படிக்கவோ கடைசிவரை தெரியாது. பியானோவின் கறுப்புக் கட்டைகளை ஆதாரமாகக் கொண்ட ஒரே சுருதியில்தான் வாசிப்பார். வேறு சுருதி வேண்டுமானால் பியானோவில் பொருத்தப்பட்டிருந்த ஒரு பிடியைத் திருப்பிக்கொள்வார். அவர் பாடப் பாட உதவியாளர் எழுதிக்கொள்வார். ஆங்கிலமும் அவருக்கு ஆசிரியர் கற்பித்த பாஷை அன்று. வீட்டிலே யித்திஷ், தெருவிலே ஐரிஷ்காரரும் இத்தாலியரும் ஜெர்மானியரும் கறுப்பரும் பேசிய கலப்பு ஆங்கிலம். பண்டிதர்கள் இதைக் குறையென்பார்கள். ஆனால் அந்தக் குறையே அவருக்கு மூலதனமாயிற்று. மளிகைக் கடைக்காரனும் தட்டெழுத்துப் பெண்ணும் தினந்தோறும் பேசும் சொற்களைத் தவிர வேறு சொற்கள் அவருடைய பாட்டுகளில் அரிதாகவே வரும். ஒரு பாட்டுக்கு ஒரே கருத்து. அதை ஒரு குழந்தையும் ஒரு முறை கேட்டுத் திருப்பிப் பாடிவிடலாம். ஜனங்களுடைய பாஷையை ஜனங்களிடமே கற்றவனுக்கு ஜனங்களின் நெஞ்சை எட்ட வேறு அகராதி தேவையில்லை.

அவர் கைப்பொருளைக் காப்பதில் கெட்டிக்காரர் என்பதையும் சொல்லவேண்டும். ஹோட்டல்களிலும் நாட்டிய சாலைகளிலும் பாட்டுகளை வாசித்துப் பணம் சம்பாதித்தவர்கள் ஆக்கியோனுக்கு ஒரு காசும் கொடாதிருந்த காலம் அது. அதை மாற்றுவதற்காக 1914-ல் சாகித்தியகர்த்தாக்களும் பிரசுரகர்த்தர்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தபோது பெர்லின் அதன் ஆரம்ப அங்கத்தினர்களுள் ஒருவராக இருந்தார். 1917-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. 1919-ல் சொந்தப் பிரசுரக் கம்பெனியையும் 1921-ல் பங்காளி ஒருவருடன் சேர்ந்து 'மியூசிக் பாக்ஸ்' என்னும் சொந்த நாடகக் கொட்டகையையும் ஏற்படுத்தினார். தமது பாட்டில் ஒரு வரியைக்கூட அனுமதியின்றி யாரும் தொட அவர் விட்டதில்லை. இப்படிப்பட்டவரே ஒரு பாட்டின் வருமானத்தை முழுவதுமாகத் தானம் செய்தார். அது எந்தப் பாட்டு என்பதை இனிக் காண்போம்.

பெட்டியில் உறங்கிய பாட்டு

1918-ல் பெர்லின் அமெரிக்கப் பிரஜையானார். அதே வருஷம் கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டு, லாங் தீவிலிருந்த அப்டன் முகாமுக்குச் சென்றார். அங்கே சிப்பாய்களையே நடிகர்களாகக் கொண்டு ஒரு நாடகம் தயாரித்தார். அதற்காக எழுதிய பாட்டுகளுள் ஒன்றுதான் 'காட் பிளெஸ் அமெரிக்கா.' வேடிக்கை நிறைந்த அந்த நாடகத்தில் இவ்வளவு கம்பீரமான பாட்டு பொருந்தாது என்று அவரே அதை ஒதுக்கிவிட்டார். இருபது வருஷம் அது அவருடைய காகிதக் கட்டுகளிடையே கிடந்தது.

அந்தச் சொற்றொடர் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? அவருடைய மகள் மேரி எலின் பாரெட் தமது நூலில் இதை விளக்கியிருக்கிறார். பெர்லினின் தாயார் லேனா, வறுமையில் வாடிய நாட்களிலும், அந்த வாழ்த்தை அடிக்கடி உணர்ச்சியோடு உச்சரிப்பாராம். இந்த நாடு இல்லாவிட்டால் தம் குடும்பம் என்ன கதி அடைந்திருக்கும் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியும். வீடு எரிந்து, கடல் கடந்து, இருட்டறையில் பட்டினி கிடந்த ஒரு தாயின் வாய்ச்சொல் அது. எந்த ராஜதந்திரியும் மேடையில் ஜோடித்த வாசகம் அன்று.

1938-ல் ஐரோப்பாவில் மீண்டும் யுத்த மேகம் சூழ்ந்தது. லண்டனுக்குச் சென்று திரும்பிய பெர்லின் சமாதானத்தைப் பற்றி ஒரு பாட்டு எழுத விரும்பினார். ரேடியோவில் புகழ்பெற்ற பாடகி கேட் ஸ்மித் சார்பிலும் தேசபக்திப் பாட்டு ஒன்று கேட்கப்பட்டது. புதிதாக எழுத முயன்றும் திருப்தி ஏற்படாமல், பழைய பாட்டை எடுத்துத் திருத்தினார். அவர் செய்த திருத்தங்கள் கவனிக்கத் தக்கவை. 1918-ல் எழுதியபோது நிலத்திலும் கடலிலும் வெற்றி கேட்கும் வேண்டுதல் ஒன்று அதில் இருந்தது; அதை நீக்கினார். நேர்வழியைக் குறிக்க வலப்பக்கம் என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்று வந்தது. இருபது வருஷத்தில் அது ஓர் அரசியல் கட்சிப் போக்கைக் குறிக்கும் சொல்லாகிவிட்டதால் அதையும் மாற்றினார். வெற்றிப் பாட்டு பிரார்த்தனையாயிற்று.

1938 நவம்பர் 10-ஆம் தேதி இரவு, யுத்த நிறுத்த தினத்துக்கு முன்னாள், கேட் ஸ்மித் அதை முதல் முறையாக ரேடியோவில் பாடினார். அந்தத் தேதியை உற்று நோக்குக. அதற்கு முந்திய இரவு தொடங்கி அன்றைய தினம் வரையில் ஜெர்மனியெங்கும் ஹிட்லரின் ஆட்கள் யூதர்களின் ஜெபாலயங்களைக் கொளுத்தினர், கடைகளை நொறுக்கினர். குழந்தைப் பருவத்தில் தன் வீடு எரியக் கண்ட யூதச் சிறுவனின் பாட்டு, ஆயிரக்கணக்கான யூதர்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்ட அதே நாளில் அமெரிக்காவின் காற்றில் ஏறியது.

எதிர்ப்புக் கூச்சல்

பாட்டு காட்டுத்தீ போல் பரவிற்று. ஆனால் எல்லோரும் மகிழவில்லை. யூதனாகவும் வந்தேறியாகவும் இருப்பவன் எழுதிய பாட்டை அமெரிக்கர் பாடலாகாது என்று 1940-ல் கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தாரும், ஹிட்லரை ஆதரித்த ஜெர்மன்-அமெரிக்கப் பண்டு என்ற ஸ்தாபனத்தாரும் பகிஷ்காரம் செய்தனர். தகரச்சட்டிச் சந்தில் காதல் பாட்டு விற்றவனுக்குத் தெய்வத்தின் பெயரும் தேசத்தின் பெயரும் எதற்கு என்று கனவான்கள் சிலரும் முகம் சுளித்தனர். பெர்லினுக்கு இது புதிதன்று. 1926-ல் அவர் எலின் மக்கே என்ற கத்தோலிக்கப் பெண்மணியை மணந்தபோது, பெருஞ்செல்வரான மாமனார் கிளாரன்ஸ் மக்கே அந்த யூத மருமகனை ஏற்க மறுத்து மகளையும் ஒதுக்கி வைத்தவர்.

இந்தக் கூச்சலுக்குப் பெர்லின் சொற்போரால் பதில் கூறவில்லை. தமது பாட்டால் தமக்கு லாபம் வேண்டாமென்று 1940-ல் ஒரு தர்ம நிதி ஏற்படுத்தி, அதன் ராயல்டி முழுவதையும் ஆண் பெண் சாரணர் இயக்கங்களுக்கு எழுதிவைத்தார். காலப்போக்கில் அது பல லக்ஷம் டாலராகப் பெருகியது. தேசத்தின் பெயரைச் சொல்லிப் பிழைப்பு நடத்துகிறவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. பெர்லினை அந்நியன் என்று தூற்றியவர்களுள் எத்தனை பேர் தேசத்துக்காக இப்படித் தம் கைப்பொருளை விட்டவர்கள்?

குறையும் நிறையும்

நாம் பெர்லினைக் குற்றமற்றவராகச் சித்திரிக்க விரும்பவில்லை. இளமையில் அவர் எழுதிய வேடிக்கைப் பாட்டுகளில் இத்தாலியரையும் ஜெர்மானியரையும் கறுப்பரையும், தம் யூத இனத்தாரையுமே கேலி செய்தவை பல. 1942-ல் வெளிவந்த 'ஹாலிடே இன்' படத்தில், அடிமைத்தளை அறுத்த லிங்கனைப் போற்றும் அவருடைய பாட்டையே வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடினர். இக்காட்சி இன்று பார்ப்பவருக்கு அருவருப்பையே தரும்.

எனினும் தராசின் மறு தட்டையும் பார்க்கவேண்டும். 1933-ல் அவருடைய 'ஆஸ் தௌசண்ட்ஸ் சியர்' என்னும் நாடகத்தில் கறுப்பு இனப் பாடகி எதெல் வாட்டர்ஸ் ஒரு பாட்டுப் பாடினார். கணவனைக் கும்பல் ஒன்று அடித்துக் கொன்றுவிட்டது. அவன் இனி வரமாட்டான் என்பதைக் குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தபடி இரவுச் சாப்பாட்டுக்கு மேஜையைச் சித்தம் செய்யும் மனைவியின் புலம்பல் அது. சிரிக்க வந்த சபையில் இதற்கு இடமில்லை என்று சொன்னவர்கள் இருந்தும், பெர்லின் பாட்டை எடுக்கவில்லை. 1942 ஜூலை 4-ஆம் தேதி அரங்கேறிய 'திஸ் இஸ் தி ஆர்மி' நாடகத்திலும் இவ்வாறே. வெள்ளைச் சிப்பாய்களும் கறுப்புச் சிப்பாய்களும் தனித்தனிப் படைகளாகப் பிரிக்கப்பட்டிருந்த காலத்தில், சுமார் 300 பேர் கொண்ட அந்த நாடகப் படையில் கறுப்பரும் இருந்தே தீரவேண்டுமென்று அவர் வற்புறுத்தினார். அவர்கள் ஒன்றாகவே உண்டு, உறங்கி, பிரயாணம் செய்தார்கள். ராணுவம் முழுவதிலும் இந்தப் பேதத்தை ஒழிக்க ட்ரூமன் உத்தரவிட்டது 1948-ல்தான். ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் என்று யுத்தகளங்களை ஒட்டி 1945 வரை சுற்றிய அந்நாடகமும், அதையொட்டி எடுத்த படமும் ராணுவக் குடும்பங்களின் உதவி நிதிக்கு ஏறக்குறைய ஒரு கோடி டாலர் ஈட்டின. பெர்லின் அதில் ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லை.

மூடிய துறைமுகம்

இனி, அந்தப் பாட்டின் மீது கூறப்பட்ட நியாயமான ஆக்ஷேபம் ஒன்றையும் சொல்லவேண்டும். 1940 பிப்ரவரியில் உட்டி கத்ரி என்னும் நாடோடிப் பாடகர், ரேடியோவைத் திருப்பும்போதெல்லாம் இந்த வாழ்த்தையே கேட்டுச் சலித்து, பதிலுக்கு 'திஸ் லாண்ட் இஸ் யுவர் லாண்ட்' என்ற பாட்டை எழுதினார். பசித்தவர்கள் நிவாரண அலுவலகத்தின் வாசலில் நிற்கையில் மலையையும் சமவெளியையும் வாழ்த்தினால் போதுமா என்பது அவருடைய கேள்வி. அதை நாம் தள்ளமாட்டோம். வாழ்த்து ஒன்று, விசாரணை ஒன்று. தேசபக்திக்கு இரண்டும் வேண்டும்.

ஆனால் கத்ரியின் கேள்வியைக் காட்டிலும் கடுமையான கேள்வி ஒன்றை 1939-ஆம் வருஷமே எழுப்பிவிட்டது. பெர்லினின் பாட்டு நாடெங்கும் முழங்கிக்கொண்டிருந்த அந்த வருஷம், 900-க்கு மேற்பட்ட யூத அகதிகளோடு 'செயின்ட் லூயிஸ்' என்னும் கப்பல் ஜெர்மனியிலிருந்து கியூபாவுக்கு வந்தது. கியூபா அவர்களில் மிகச் சிலரையே இறங்க விட்டது. பிளாரிடா கரையின் விளக்குகள் தெரியும் தூரத்துக்கு வந்தும் அமெரிக்காவும் அவர்களை ஏற்கவில்லை. 1924-ல் இயற்றிய குடியேற்றச் சட்டம் ஒவ்வொரு நாட்டாருக்கும் இவ்வளவு பேர் என்று வரையறுத்திருந்தது. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதிலிருந்தவர்களுள் 254 பேர் பின்னர் நாஜிகளின் படுகொலையில் மாண்டனர். 1893-ல் அந்தக் கதவு அவ்வாறு மூடியிருந்தால், பெய்லின் குடும்பத்துச் சிறுவனின் கதி என்ன? அந்நாடு விரும்பிப் பாடிய வாழ்த்துதான் எங்கே இருந்து வந்திருக்கும்?

பெர்லினின் பாட்டைப் பாடுவது சுலபம். அவர் நுழைந்த வாசலைத் திறந்து வைப்பதே கடினம். தேசத்தை வாழ்த்துகிறவர்கள் இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்வது நன்றி மறப்பதாகும். 2001 செப்டம்பர் 11-ஆம் தேதி நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்த அன்று மாலை, அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தினர்கள் தங்கள் சபை மண்டபத்தின் படிகளில் கூடி நின்றபோது அவர்கள் வாயில் எழுந்தது இந்தப் பாட்டுதான். இரு கட்சியாரும் அன்று பேதமின்றிப் பாடினர். அந்தச் சொற்களை முதலில் உச்சரித்தவள் ஆங்கிலம் சரிவரப் பேசத் தெரியாத ஓர் அகதித் தாய் என்பதை அவர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்களோ, அறியோம்.

நாட்டுப்பற்று ரத்தத்தில் வரும் சொத்து என்று கூறுகிறவர்களுக்குப் பெர்லினின் நூற்றொரு வருஷ வாழ்க்கை தக்க பதில். பிறந்த மண் அவருக்கு நெருப்பைக் கொடுத்தது. புகுந்த மண் இடம் கொடுத்தது. அந்தக் கடனை அவர் பாட்டாலும் பொருளாலும் வட்டியோடு தீர்த்தார். எந்தத் தேசமும், தன்னை யார் நேசிக்கலாம் என்று பிறப்புச் சீட்டைப் பார்த்து முடிவு செய்யுமானால், தன்னை மிக அதிகமாக நேசிக்கப் போகிறவனையே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.